மோர்வான் மேட்டில் மச்சாளும் நானும்

ஐம்பத்தொரு வயதில் சைக்கிள் வாங்கினேன் என்று சொன்னபோது எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, "லைசன்ஸைப் பறிச்சுப் போட்டாங்களோ?" என்பதுதான். இரண்டாவது கேள்வியை, ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒரு அன்ரி கேட்டார். இருக்கைப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பின்னால என்ன வைச்சுக் கட்டியிருக்கிறாய்?" என்றார். பதினொரு மாடியும் நான் லிஃப்டின் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

வாங்கியது கிராவல் பைக். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் போல இருக்கும், ஆனால் ரயர் தடிப்பு. கல்லிலும் மண்ணிலும் ஓடும். இரத்தத்தில சீனி கூடிப்போச்சு, நடவுங்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். நடப்பதில் ஒரு கரைச்சல் உண்டு. எதிரே வருகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் மறித்துக் கதைப்பார்கள். சைக்கிள் என்றால் கையைக் காட்டிவிட்டுத் தப்பலாம். ஹைலண்ட் கிறீக் ஓடை ஓரமாக ஏரிவரை போய்வரத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் சீனி இறங்கியது, திமிர் ஏறியது.

அந்தத் திமிரில் ஒரு படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். அடுத்த நாள் பரிஸில் இருந்து என் கணவரின் தங்கை, என் மச்சாள் (அவருக்கு நானும் மச்சாள்தான்), தொலைபேசியில் கூப்பிட்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

அந்த ஒன்பது வருடத்துக்குக் காரணம் என் வாய். மச்சாளின் மகளுடைய சாமத்திய வீட்டுக்கு, பூப்புனித நீராட்டு விழாவுக்கு, நாங்கள் ரொறன்ரோவில் இருந்து போயிருந்தோம். பிள்ளை ஒரு பெரிய வெள்ளை அன்ன வாகனத்தில் ஏறி மண்டபத்துக்குள் வந்தாள். நான் பக்கத்தில் இருந்த கணவரிடம், "உது அன்னமோ வாத்தோ?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். வீடியோக்காரரின் மைக் என் கதிரைக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியாது. நாதஸ்வரம் ஓய்கிற அந்த ஒரு விநாடியில் என் குரல் கணீரென்று பதிவாகிவிட்டது. லண்டன், சிட்னி, அஜக்ஸ் என்று சொந்தக்காரர் இருந்த இடமெல்லாம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை.

"நானும் இப்ப சைக்கிள் ஓடுறன்," என்றார் மச்சாள், ஒன்றுமே நடக்காதது போல. "மோர்வான் எண்டு ஒரு இடம் இருக்கு. முழுக்கக் காடும் மலையும். மூண்டு நாள் ஓடலாம். வாறியளோ?"

"வாறன்," என்றேன். இப்படி ஒரு அழைப்புக்கு யோசித்துப் பதில் சொல்ல நேரம் கேட்கக்கூடாது.

செப்டெம்பரில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். பரிஸில் இருந்து ரெயினில் அவலோன் என்ற சிறிய ஊரில் போய் இறங்கினோம். அங்கேதான் மச்சாளின் சைக்கிளை ஒழுங்காகப் பார்த்தேன். சட்டத்தின் நடுவில் செங்கல் அளவில் ஒரு பெட்டி.

"இது எலெக்றிக் எல்லோ மச்சாள்?"

"ஓம். சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. பாதையை இணையத்தில் யாரோ போட்டதில் இருந்து அவரே இறக்கியிருந்தார். 'குடும்பத்தோடு போகலாம்' என்று அதில் எழுதியிருந்ததாம். எழுதிய குடும்பம் மலையாட்டுக் குடும்பமாக இருக்கவேண்டும். ஊர் முடிந்ததும் காடு தொடங்கியது. முதலில் ஓக் மரங்களும் பீச் மரங்களும்; பிறகு ஒரே வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள். நடுவே மரம் ஏற்றும் லொறிகளுக்காகப் போட்ட கல்லுப் பாதை, இறங்கி ஒரு ஓடையைத் தொட்டுவிட்டு உடனே ஏறும். ஏறி முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் வளைந்து இன்னும் ஏறும். நான் ஆக இலேசான கியரில், நாக்குத் தள்ளி, ஒவ்வொரு கருங்கல்லையும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டு ஏறினேன். மச்சாள் முன்னால் நிமிர்ந்து இருந்தபடி யாருடனோ போனில் கதைத்துக்கொண்டு போனார். "ஓம், ஓம், அவ பின்னால வாறா. மூச்சு விடுறது இஞ்ச கேக்குது," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பின்னேரம் ஒரு கிராமத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சாள் பையைத் திறந்து முதலில் எடுத்தது றைஸ் குக்கர். மூன்று நாள் பயணத்துக்கு நான் இரண்டு காற்சட்டையும் ஒரு பற்பசையும் கொண்டுபோயிருந்தேன். அவரோ குக்கரும் அரிசியும் பருப்பும் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயும். சோறு நன்றாக இருந்தது, நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் ஒரேயொரு பிளக்தான் இருந்தது என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் மழைத் தூறல். மதியத்துக்குப் பிறகு, அன்றைய பாதையில் மிக நீளமான ஏற்றத்தின் அடிவாரத்தில், மச்சாளின் சைக்கிள் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"பற்றரி முடிஞ்சுது," என்றார்.

"நேற்றுச் சார்ஜ் போடேல்லையோ?"

"குக்கர் போட்டிருந்தனான். பிறகு மறந்திட்டன்."

அன்று தங்கவிருந்த விடுதிக்கு இன்னும் பதினைந்து கிலோமீற்றர். சுற்றிவர ஒரு வீடும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நேரம் சோறு தின்னாமல் இருக்கேலாதோ?" என்று கேட்டேன்.

மச்சாள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத் திரும்பினார். "நீங்களும்தானே இரண்டு தரம் போட்டுத் திண்டனீங்கள்! வாய் மச்சாள், உங்களுக்கு வாய். அண்டைக்கும் உந்த வாய்தான்."

ஒன்பது வருடமும் அந்தக் காட்டுக்குள் வந்து இறங்கியது. நான் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத ஒன்றும் அதற்குள் இருந்தது. அந்த அன்னம் மண்டபக்காரரிடம் வாடகைக்கு எடுத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மச்சாளே செய்தது. உணவகத்துக் குசினியில் வேலை முடிந்துவந்து, மூன்று கிழமையாக ஒரு அறை வீட்டுக்குள் கம்பி வளைத்து, கடதாசி ஒட்டி, ஒவ்வொரு இறகாக வெட்டி ஒட்டியிருக்கிறார். கழுத்து மட்டும் சரிவரவில்லை. கதவுக்குள்ளால் வெளியே எடுக்கமுடியாமல் கழுத்தை வெட்டிக் கட்டையாக்கவேண்டி வந்ததாம்.

"எனக்குத் தெரியாது மச்சாள்," என்றேன். "தெரிஞ்சிருந்தால் சொல்லியிருக்கமாட்டன். பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் மூக்கைக் கையுறையால் துடைத்தார். பிறகு, "வாத்து மாதிரித்தான் கிடந்தது," என்றார். "எனக்கும் தெரியும். ஆனா நீங்கள் சொல்லியிருக்கக்கூடாது."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணீரும் வந்தது. வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சைக்கிளை மாற்றிக்கொண்டோம். என்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டு, உயிர்போன அந்த எலெக்றிக்கை நான் எடுத்தேன். பற்றரி செத்த சைக்கிள் ஒரு செத்த கன்றுக்குட்டியின் பாரம். பாதித்தூரம் ஓடினேன், மீதித்தூரம் தள்ளினேன். மச்சாள் சைக்கிளில் இருந்து இறங்கவே இல்லை. கியர் மாற்றத் தெரியாமல் திணறினாலும் காலை நிலத்தில் வைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தால் கேட்டார். அதுவே எனக்குப் புதினமாக இருந்தது.

உச்சியில் பாதையை அடைத்துக்கொண்டு வெட்டிய மரங்கள் கிடந்தன. அதற்கு அப்பால் மரம் வெட்டும் இயந்திரம். அதில் இருந்து தாடிக்காரர் ஒருவர் எட்டிப்பார்த்து, திரும்பிப் போங்கள் என்று கையைக் காட்டினார். நான் உண்மையாகவே சைக்கிளைத் திருப்பினேன். மச்சாள் திரும்பவில்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அவர், மரக்குவியலுக்கு முன்னால் போய் நின்று பிரெஞ்சில் தொடங்கினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அதில் மரியாதைச் சொல் ஒன்றும் இல்லை என்பது அந்த மனிதரின் முகத்தில் தெரிந்தது. முதலில் அவர் காட்டிய கையை இறக்கினார், பிறகு இயந்திரத்தை நிற்பாட்டி இறங்கி வந்தார். இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மரங்களுக்கு மேலால் எடுத்து அடுத்த பக்கம் வைத்தார். பிறகு மச்சாளுக்குக் கையும் கொடுத்தார். எனக்கு விளங்கிய ஒரே சொல் 'மெர்சி', நன்றி. அதையும் சொன்னவர் அந்தத் தாடிக்காரர்தான்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"குசினியில சட்டி அடிப்பிடிச்சால் சொல்லுறதுதான்," என்றார் மச்சாள்.

அதற்குப் பிறகு முழுக்க இறக்கம். பாரமான சைக்கிளின் பெருமை அங்கேதான் தெரிந்தது. ஈரக் கல்லில் அது தண்டவாளத்தில் போவது போல ஒட்டிக்கொண்டு போனது. நான் கத்திக்கொண்டு மச்சாளைத் தாண்டிப் போனேன். அவர் பின்னால் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு வந்தார். விடுதிக்காரி சேறு அப்பிய எங்களைக் கண்டதும் உள்ளே விடமுதல் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

மூன்றாம் நாள் பற்றரி நிறைந்திருந்தது. ஆனால் மச்சாள் என் சைக்கிளைத் திருப்பித் தரவில்லை. "எனக்கு இதுதான் வசதி," என்றார். நான் எலெக்றிக்கில் மலையெல்லாம் நிமிர்ந்து இருந்தபடி ஏறினேன். ஒரு ஏற்றத்தில் கணவரைக் கூப்பிட்டுக் கதைத்தேன். ரொறன்ரோவில் விடிந்துகொண்டிருந்தது. "ஏன் உனக்கு மூச்சு வாங்கேல்லை?" என்று சந்தேகத்தோடு கேட்டார். "பயிற்சி," என்றேன்.

விமான நிலையத்துக்குப் போகும்வரை என் சைக்கிள் திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வந்தது என் சைக்கிள் பெட்டி. அதற்குள் இரண்டு சேலை, ஒரு பை மிளகாய்த்தூள், றொட்டிக்கல் ஒன்று. வீட்டில் மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, சீரியஸ்லி, வேர் இஸ் யுவர் பைக்?" என்று கேட்டாள். கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தன் தங்கையை அவருக்குத் தெரியும்.

இப்போது மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பரிஸுக்கு வெளியே ஏதாவது ஒரு காட்டுக்குள் நின்று கூப்பிடுகிறார். போன கிழமை கூப்பிட்டபோது நான் 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"செயின் கழண்டு போச்சு மச்சாள். கையெல்லாம் கரி."

"பதறாதேங்கோ. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வையுங்கோ. கை துடைக்க ஏதும் கிடக்கோ?"

"ஒண்டும் இல்லை. அண்ணை அனுப்பின வெள்ளை ரீசேட்தான் போட்டிருக்கிறன்."

"அதில துடையுங்கோ," என்றேன்.