மழையில் நிற்கிற பெட்டி

ஏசி மெக்கானிக்கை வெயில்காலத்து ஆள் என்று நினைப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அவன் மழைக்காலத்து ஆள். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொள்கிற ஊர் இது. ஏசியில் வீட்டுக்குள் இருக்கிற பாதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வெளியே நனைந்துகொண்டு நிற்கும் அவுட்டோர் பெட்டியை நினைத்துத்தான் உங்களுக்கும் எனக்கும் தூக்கம் போகிறது. ஆறு வருடம் கல்ஃபில் இதே வேலை பார்த்தவன் நான். அங்கே மணலோடுதான் சண்டை. மழையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கு வந்தபின், அடுத்தவர் வீட்டுச் சுவரோரம் நின்று கற்றுக்கொண்டது.

ஜிப் வைத்த கோட்டு

மார்த்தாண்டம் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். ஏசி போட்டால் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவுட்டோர் பெட்டிக்கு, தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த நீலக் கோட்டு. நான்கு பக்கமும் மூடி, பின்னால் ஜிப். மழை பெய்த அன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நனைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

கோட்டைக் கழற்றி ஏசியை ஓடவிட்டேன். காற்று வரும் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டச் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கிற சூட்டையெல்லாம் வெளியே தள்ளுவதுதான் இந்தப் பெட்டியின் வேலை, மழையில் நிற்கவென்றே செய்தது, மூடிவைத்தால்தான் கெடும் என்று விளக்கினேன். டீச்சர் உள்ளங்கையில் சூடு படப்பட, ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு கோட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு வருசம் பிள்ளைகளுக்கு சுவாசப் பாடம் நடத்தினேன் மக்கா, இதுக்கும் ஒரு மூக்கு உண்டுண்ணு இப்பத்தான் அறிஞ்சேன்."

ரப்பர் மரத்துப் பாவாடை

திருவட்டாறு பக்கம் தங்கராஜ் என்று ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி. அவர் வீட்டு ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் நேராக அவுட்டோர் தலையில் இறங்கும். அதற்கு அவரே ஏதோ பண்ணியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மனதுக்குள் ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். பிரசங்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மழைக்காலத்தில் பால் வடிகிற வெட்டு நனையாமலிருக்க ரப்பர் மரத்தைச் சுற்றி ஒட்டுவார்களே, பிளாஸ்டிக் பாவாடை, அதே சாதனத்தைப் பெட்டியின் தலைக்கு மேல் சரிவாக நீட்டியிருந்தார். முன்னும் பின்னும் பக்கமும் திறந்தே கிடந்தன. காற்று தாராளமாகப் போய்வந்தது. டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன். கல்ஃபில் எனக்குச் சொல்லிக்கொடுத்த இடைவெளியைவிட நான்கு விரல் கூடுதலாகவே விட்டிருந்தார்.

யாரிடம் கேட்டுச் செய்தீர்கள் என்றேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "மரத்துல வெட்டுத பட்டை மட்டுந்தான் நனையப்பிடாது, மரத்த முழுசா மூடினா பட்டுப்போவும்லா?" என்றார்.

ஒரே நாளில் மாட்டிய இரண்டு

தேங்காய்ப்பட்டணத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரே நாளில், ஒரே கம்பெனி ஏசி மாட்டினேன். மூன்றாவது வருடம் ஒரு வீட்டில் அவுட்டோரின் தகடு கைபட்டால் உதிர்ந்தது. உப்புக்காற்று, வேறொன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு, மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெட்டி போன மாதம் மாட்டியதுபோல நின்றது. அதே கடல், அதே காற்று. எனக்கு அங்கிருந்து போக மனசே வரவில்லை.

அந்த வீட்டுக்காரர் அந்தோணி, படகு வைத்திருப்பவர். சனிக்கிழமைதோறும் மெயினை அணைத்துவிட்டு, வாளியில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து பெட்டியின் பின்பக்கத்து மெல்லிய தகடுகளை மெதுவாகக் கழுவுவாராம். காய்ந்த பிறகுதான் ஓடவிடுவார். புயல் எச்சரிக்கை வந்தால் படகு கட்டுகிற நைலான் கயிறால் ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு முடிச்சு. என் வேலையில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கடலுக்குப் போயிட்டு வந்த இஞ்சின நல்ல தண்ணியில கழுவாம வைப்பமா? இது கடலுக்குப் போவேல, கடல் இதுகிட்ட வருது, அவ்வளவுதான்."

ஆற்றங்கரை வீடு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். குழித்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் செலினின் வீடு. அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறார். முதுகு வேர்த்தால் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி, அதற்காகவே ஏசி வாங்கினார்கள். அவுட்டோரை ஜன்னலுக்கு மேலே வைக்க முடியுமா என்று செலின் கேட்டாள். பைப் நீளம் கூடும், வளைவு வரும், கேஸ் கூடுதலாக ஏற்றவேண்டும் என்று நான் காரணங்களை அடுக்கினேன். உண்மையில் ஏணியில் ஏற எனக்கு அன்றைக்கு மடி, வெறும் சோம்பல். பின்முற்றத்தில் ஒரு அடி ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில் ஆறு முற்றத்துக்கு வந்தது. கடைசிப் படியைத் தண்ணீர் தொட்டதுமே செலின் பிரேக்கரை இறக்கிவிட்டாள். வடிந்த பிறகும், நான் வந்து பார்க்காமல் சுவிட்சைத் தொடவில்லை. அதனால்தான் பெட்டி பிழைத்தது. பாதி உயரத்துக்குச் சேறு. மேலே இருந்த போர்டு மட்டும் நனையவில்லை. கழற்றி, கழுவி, காயவைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணவரைப் புரட்டிப்போட்டு, முதுகைத் துடைத்து, விசிறிக்கொண்டிருந்தாள். ஆனாலும் முதுகில் ஒரு இடம் சிவந்துவிட்டது. அது ஆறும்வரை ஏதாவது சாக்கு வைத்து நான் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பெட்டியை ஜன்னலுக்கு மேலே ஏற்ற அரைநாள்கூட ஆகவில்லை. இறங்கி வந்ததும் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். கோபமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னாள்: "அண்ணே, அண்ணைக்கு நான் ஆத்தப் பத்தி கேட்டேன், நீங்க பைப்பப் பத்தி பேசினிய."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்கும் முன் "இங்க மழை எந்தப் பக்கமிருந்து வரும்?" என்றுதான் கேட்கிறேன், அதற்கு அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஏசியை மாட்டிவிட்டே வந்துவிடலாம்.