என் மகளின் கல்லறையைத் திறந்த நாள்

எங்கள் மகள் ஜெமிமா இறந்தபோது எனக்குச் சுயநினைவில்லை. அவளுக்கு வந்த அதே விஷக்காய்ச்சல் எனக்கும். பாளையங்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில் அவள் கீழே, நான் மாடியில். அவளுக்கு ஒன்பது வயது. எனக்குக் கண் தெளிந்தபோது அவளை அடக்கம் பண்ணி ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள். அவ்வளவுதான். என் பிள்ளையை நான் வழியனுப்பவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை அவளை என் மடியில் தாரும். நடக்காத காரியம் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் இப்படிக் கேட்கலாமா என்று எனக்கே வெட்கம். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் கேட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் கல்லறைக்குப் போய், அந்தச் சிமெண்டு மேடையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

எங்கள் சபை தாமிரபரணிக் கரையில் உள்ள பழைய சபை. முன்பு சுற்றிலும் வயல். இப்போது எல்லாம் வீடுகள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. கோயிலில் இடம் போதாமல் ஞாயிறு இரண்டு ஆராதனை வைத்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு என்ன செய்வது? மூன்று பக்கம் வீடு, ஒரு பக்கம் வாய்க்கால்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் ஐயர் சபையாரை உட்காரச் சொன்னார். இனி சிமெண்டு கட்டக் கூடாது. பதினான்கு வருடம் கழிந்த கல்லறைகளைத் தேவைப்படும்போது திறந்து, அந்தந்தக் குடும்பத்தாரை அதிலேயே அடக்கம் பண்ண வேண்டும். பெயர்களைச் சுவரில் பதிக்கலாம். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

எனக்கு முன்வரிசையில் ஒரு கை முதலாவதாக உயர்ந்தது. என் கணவர் தேவதாசனின் கை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "பெத்த பிள்ளயத் தோண்ட நீங்களே கை தூக்குவியளா?"

அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கும் அங்கனதான் இடம் வேணும்ட்டி. பிள்ள ஒத்தையில கெடக்கா," என்றார்.

அந்த வார்த்தை என் காதில் ஏறவில்லை. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். சோறு வைப்பேன், தள்ளிப் போய்விடுவேன். "எஸ்தர், ஒரு வார்த்த பேசேன்" என்று பின்னாலேயே வருவார். நான் குழாயைத் திறந்து பாத்திரம் விளக்குவேன். அந்த நாட்களில் என் ஜெபமும் மாறிவிட்டது. யாரும் என் பிள்ளையைத் தொட விடாதேயும் என்று மட்டும் கேட்டேன்.

ஆறு வாரம் கழிந்தது. புரட்டாசி வெயில். மூக்குக்கண்ணாடி மாற்ற வண்ணார்பேட்டைக்குப் போனவர், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அன்று காலை வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஐயர் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, புதுசாத் தோண்ட இடம் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற சபைத் தோட்டத்துல கேட்டிருக்கேன், தருவாங்க. இல்லன்னா ஜெமிமா கல்லறைதான். நீங்க சொல்லுததுதான்" என்றார்.

பிள்ள ஒத்தையில கெடக்கா என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. "அவ அப்பாவ அவகிட்டயே வையுங்க" என்றேன்.

குழி தோண்டுகிறவர் பெயர் இசக்கிமுத்து. ஜெமிமாவுக்குத் தோண்டியவரும் அவரே. "நீங்க நிழல்ல போயி இருங்கம்மா. இத நீங்க பாக்கக் கூடாது" என்றார். நான் நகரவில்லை. சிமெண்டை உடைத்தார்கள். பிறகு அவர் மட்டும் உள்ளே இறங்கி, மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே பைய மண்ணை விலக்கினார். பெட்டி மக்கிப் போயிருந்தது. மிச்சம் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து முடிச்சாகக் கட்டினார். மேலே நீட்டியபோது வாங்கப் போனவர்களை விலக்கிவிட்டு நான் கை நீட்டினேன்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் என் மடியில் இருந்தாள். பிறந்த அன்று இருந்த எடைகூட இல்லை.

துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு நீல பிளாஸ்டிக் வளையல்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்காக நான் வாங்கி பீரோவில் வைத்தவை. "இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

"அண்ணாச்சிதாம்மா போட்டாவ," என்றார் இசக்கிமுத்து. "கைக்குப் பத்தல. சோப்புத் தேச்சு மாட்டுனாவ. அவ அம்மா வாங்குனது, போடாம அனுப்ப மாட்டேன்னு அழுதாவ."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கேயே வாய்விட்டு அழுதேன். மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். சாயங்காலம் அவரை இறக்கியபிறகு, அந்த முடிச்சை அவருடைய பெட்டியின்மேல் நானே வைத்தேன்.

கர்த்தர் என் துக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டார் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. அந்த ஆறு வார மௌனம் இன்னும் என்னைக் குத்துகிறது. சோறு வைக்கும்போதெல்லாம் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருடம் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். அதை நான் மறைக்க முடியாது.

மறுபடி ஆராதனைக்குப் போகிறேன். இப்போது எங்கள் சபையில் எந்தக் கல்லறையைத் திறந்தாலும், முதலில் அந்தக் குடும்பத்தை நிற்கவைத்து ஐயர் ஜெபம் பண்ணுகிறார். எடுப்பதை அவர்கள் கையில் கொடுக்கிறோம். நான் கமிட்டியில் கேட்டுக்கொண்டது இது. என்னைப்போலக் கோபத்தோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் புத்தி சொல்லுவதில்லை. கூட நிற்கிறேன்.

இதைக் கேட்கிற சகோதர சகோதரிகளே, வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஜெபம் உங்களுக்கும் இருக்கும். அதை விடாமல் கேளுங்கள். எந்த வழியாகத் தருவார் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். நான் அடைக்கப் பார்த்த வழியாகத்தான் எனக்குத் தந்தார். வீட்டில் யாரோடாவது பேசாமல் இருந்தால், இன்றைக்குப் போய்ப் பேசிவிடுங்கள்.