மருதாசலத்தின் வலது கால்

செருப்பை முதலில் கழற்றுகிறார். இரண்டையும் ஜோடி சேர்த்து, வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் வைக்கிறார். பிறகுதான் கதவைத் திறந்து, இருக்கையில் அமர்ந்து, வெறுங்கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்கிறார். வண்டி போய்விடும், செருப்பு அங்கேயே கிடக்கும். பீளமேட்டில் அந்த வீல் அலைன்மென்ட் கொட்டகைக்கு வருகிறவர்கள் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள், மருதாசலம் ட்ரையல் போயிருக்கிறார் என்று. தெருநாய்கூட அதைத் தொடுவதில்லை.

ஐம்பத்தாறு வயது. குட்டையான ஆள். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். பதினெட்டு வருடம் வால்பாறை பஸ்ஸின் ஸ்டியரிங்கை இழுத்து இழுத்து வந்த கோணல் அது. இனி நிமிராது. ஒரு காரின் முன்சக்கரம் நூலளவு சாய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும்வரை அவருக்குச் சோறு இறங்காது. தன் தோளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "அது கம்பெனி செட்டிங்குங்க, கை வெக்கக் கூடாது" என்பார்.

வண்டி பார்ப்பதில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. முதல் ஒரு மைல் பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. ஏ.சி. கூடாது, பாட்டு கூடாது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டில் பிடிக்கிறது என்று புத்தகத்தைக் காட்டினால், "செகண்டுக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்குங்க" என்று மூடி வைத்துவிடுவார். "எஞ்சினு காதுக்கு, ஸ்டேரிங்கு மணிக்கட்டுக்கு, பிரேக்கு உள்ளங்காலுக்குங்க. ஷூ போட்டுட்டு பிரேக்கைப் பாக்கறது, கையில துணி சுத்திட்டு சோறு பெசையறாப்புல."

இன்னொன்று. வண்டியின் குறையை வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல மாட்டார். சொந்தக்காரரின் முழங்கையைப் பிடித்துப் பத்தடி தள்ளி அழைத்துப் போய்த்தான் சொல்வார். "மூஞ்சிக்கு முன்னாடி சொன்னா அதுக்கும் ஒரு மாதிரி இருக்குமுங்க."

போன மார்கழியில் மில் முதலாளி சென்னகேசவன் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார். இரண்டும் ஜெர்மன்காரன் செய்தவை. இரண்டும் இரண்டு கதவு. கருப்பு, பி.எம்.டபிள்யூ எம்-3. வெள்ளி, போர்ஷே 911. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார். வீட்டில் நிறுத்த ஒன்றுக்குத்தான் இடம். அவர் மனைவியின் பொறுமையிலும் ஒன்றுக்குத்தான் இடம்.

"எது நல்லாருக்குன்னு நீ சொல்லு மருதாசலம். இன்னொண்ணை நாளைக்கே தள்ளிடறேன்" என்றார். சொல்லும்போது அவர் கை வெள்ளி வண்டியின் கூரைமேல் இருந்தது. மருதாசலம் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டார்.

ட்ரையலுக்கு வால்பாறை மலைச் சாலை. துணைக்கு இல்யாஸ். கோட்டைமேட்டில் மெக்கானிக், இருபது வருடச் சிநேகிதம். மருதாசலம் கருப்பை ஓட்ட, இல்யாஸ் வெள்ளியை ஓட்ட, பொள்ளாச்சி தாண்டி ஆழியாரில் டீ குடிக்க இறங்கினார்கள். மருதாசலத்தின் செருப்பு பீளமேட்டில் இருந்தது. எப்போதும் போல வெறுங்காலோடு சாலையைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

முதலில் கருப்பு. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை ஏறி, திரும்பி இறங்கினார். முகம் மலர்ந்திருந்தது. "கேட்டதைச் செய்யுதுங்க பாய். திருப்புனா மூக்கும் வாலும் ஒண்ணாத் திரும்புது. நாம ஒரு தப்புப் பண்ணுனாலும், செரி போகட்டும்னு அதுவே சமாளிச்சுக்குது."

அடுத்து வெள்ளி. அதற்கு எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால். ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் கைக்குள் உயிரோடு நெளிந்தது. மூன்றாவது வளைவில் மருதாசலம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ரோட்டுல எறும்பு கெடந்தாலும் கையில சொல்லிப்போடுதுங்க! ஆனா ஒண்ணு. வளைவுக்கு முந்தியே வேகத்தைக் கொறைச்சுப்போடோணும். உள்ள போயிப் பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தமுன்னா, பின்னாடி இருக்கறது முன்னாடி வந்து எட்டிப் பாக்கும்."

ஒன்பதாவது வளைவில் நிறுத்தினார். கீழே ஆழியார் அணை தகடு போல் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பிரேக் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் பிரேக்குல பேச்சே இல்லீங்க. நிக்குது. ஆனா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"ரெண்டு கம்பெனிக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் கண்டா ஆகாதவனுக. இதுக்கு மட்டும் கூடிப் பேசி முடிவு பண்ணுனானுகளாக்கும்?" என்று சிரித்தபடி இல்யாஸ் இடம் மாறி உட்கார்ந்தார். ஒரு வளைவு இறங்கி, ஏறி வந்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"அண்ணா, பிரேக் நல்லாப் பேசுது. காலுக்குள்ள துடிக்குது."

பிறகு குனிந்தார். பெடலுக்குக் கீழே விரிப்பில் வட்டமாக, பழுப்புச் சிவப்பில் ஒரு கறை.

மருதாசலம் சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து வலது காலை மடக்கிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, பெடலை மிதிக்கும் இடத்தில், கண்ணாடிச் சில்லு ஒன்று. அரை அங்குலம் இறங்கியிருந்தது. ஆழியாரில் ஏறியிருக்க வேண்டும். அதன்மேல் ஊன்றியே இரண்டு வண்டிகளையும் ஓட்டியிருக்கிறார்; வலிக்கவில்லை. பிடுங்கும்போதும் வலிக்கவில்லை. ஏழு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். பாதம் மரத்துக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு வருடமாக நிறைய வண்டிகளுக்குப் பிரேக் சரியில்லை என்று சொல்லி வந்திருந்தார்.

இல்யாஸ் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினார். "மொதலாளிக்குத் தெரிய வேண்டாம்ண்ணா. பிரேக்கு விஷயத்தை நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கிட்டு அங்க சொல்லிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"இன்னைக்குச் சொல்லிப்போடலாமுங்க. நாளைக்கு வர்ற வண்டிக்கு உங்க காலைக் கழட்டியா வாங்கறது?"

மருதாசலம் கைக்குட்டை முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, நொண்டாமல் நடந்துபோய், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இல்யாஸை ஓட்டச் சொன்னார். இல்யாஸ் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவருடைய முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்கண்ணா. என்ற பொண்டாட்டிகூட இப்படிப் புடிச்சதில்ல."

"பேசாம ஓட்டுங்க பாய். துடிப்பு எலும்புல வருதான்னு பாக்கறேன்."

கொஞ்சம் வந்தது. தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஆழியாரில் நின்ற கருப்பை இல்யாஸின் பட்டறைப் பையனை வரவழைத்து ஓட்டிவரச் செய்தார்கள். பீளமேட்டில் சென்னகேசவன் காத்திருந்தார். மருதாசலம் அவரைத் தள்ளி அழைத்துப் போகவில்லை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றபடியே, இல்யாஸும் கொட்டகையில் இருந்த நாலு வாடிக்கையாளர்களும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "ஏனுங்க, என்ற வலது கால் செத்துப்போச்சுங்க. சக்கரை. பிரேக்கைப் பத்தி பாய் சொல்றதுதானுங்க கணக்கு. ஒரு வருசமா நான் பிரேக்குக் குறை சொன்ன வண்டியெல்லாம் திரும்பக் கொண்டாரச் சொல்லோணும்."

சென்னகேசவன் அவருடைய கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "மத்ததைச் சொல்வியா?" என்றார்.

"நீங்க ஓட்டுங்க. பாத்துட்டுச் சொல்றனுங்க."

வெள்ளி வண்டியை அவினாசி சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு, அவருடைய காலையே கவனித்தபடி வந்தார். திரும்பியதும் வழக்கப்படி முழங்கையைப் பிடித்துப் பத்தடி தள்ளிப் போனார்.

"வெள்ளிதானுங்க ஒசந்த வண்டி. அதுல சந்தேகமே இல்லீங்க. ஆனா பஸ் குறுக்க வந்தப்போ நீங்க மொதல்ல காலை எடுத்தீங்க, அப்பறந்தான் யோசிச்சீங்க. அந்தக் காலுக்குக் கருப்புங்க."

சென்னகேசவன் முகம் சிவந்தது. அரை மணி நேரம் டீ குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கருப்பில் ஏறிப் போனார். வெள்ளியை அந்த வாரமே வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டார்.

மருதாசலத்தின் மனைவி பாவாத்தாள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள். புண்ணைப் பார்த்ததும் அழவில்லை, வெந்நீர் வைத்தாள். தினமும் காலையில் கட்டு மாற்றினாள். விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தினாள். புண் ஆற ஏழு வாரம் ஆனது. ஆறியதும் ஆறு ஜோடி வெள்ளைக் காலுறை வாங்கிவந்து போட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி. "ரத்தம் வந்தாக் கண்ணுக்குத் தெரியோணும். வலிதான் இல்லையே." செருப்பிலும் இரண்டாவதாக ஒரு ஜோடி வாங்கினாள். "ஒண்ணு உன்ற சட்டத்துக்கு. இன்னொண்ணு உன்ற காலுக்கு. அது வண்டிக்குள்ள கூடவே வரோணும்."

இப்போது பிரேக்குக்கு இல்யாஸ் வந்து ஓட்டிப் பார்க்கிறார். ஸ்டியரிங்கும் எஞ்சினும் மருதாசலத்திடம். வருகிற வண்டிகள் குறையவில்லை. பிரேக்குக் குறை சொன்ன பழைய வண்டிகளில் பதினொன்று திரும்பி வந்து, குறையில்லை என்று கேட்டுக்கொண்டு போயிருக்கின்றன.

போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் பச்சை நிற கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ட்ரையல் முடிந்து வண்டி கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. "எப்படிங்க இருக்கு?" என்று வண்டிக்காரர் கதவருகே ஓடி வந்தார். மருதாசலம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டு, காலுறையின் அடிப்பாகத்தை வெயிலுக்குத் திருப்பி, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை கண்ணாலும் பிறகு உள்ளங்கையாலும் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. காலைக் கீழே இறக்கிச் செருப்பில் நுழைத்துக்கொண்டு, வந்தவரின் முழங்கையைப் பிடித்துப் பத்தடி தள்ளி நடந்தார்.