அழாதவளை அழவைத்த சாப்ட்வேர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஏழு பேரை. நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், மூன்று பேர் கொழுந்தனார் விட்டுவிட்டுப் போனவர்கள். ஏழு பேருக்கும் சோறு, படிப்பு, கல்யாணம் எல்லாம் எந்த சாப்ட்வேரும் இல்லாமல்தான் நடந்தது. நாவல் எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்கு மட்டும் சாப்ட்வேர் இல்லாமல் முடியாதாம்.

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது. நான் எழுத்தை விடவில்லை. பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, வடை மடித்துவந்த காகிதம் என்று கூட்டிக் கூட்டிப் படித்தவள். செல்போனில் ஒற்றை விரலால் தட்டி ஓர் அத்தியாயம் முடித்திருந்தேன்.

அதில் ஒருத்தியின் புருஷன் செத்துப்போகிறான். கேதத்துக்கு வரும் பெண்கள் வாசலில் நுழையும்போதே குரலெடுத்து, கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவள் அழவில்லை. "பஸ் கிடைச்சுச்சா? சாப்ட்டீகளா?" என்று கேட்கிறாள். நாவலில் மற்றதெல்லாம் கற்பனை. இது ஒன்று மட்டும் என் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும்போல, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர்களிடம் போய்ப் பதில் சொல்லி நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் நாவல்.

சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன்தான் முதலில் போன் செய்தான்.

"ஆத்தா, நாவலுக்குன்னே ஒரு சாப்ட்வேர் இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா அட்டை போட்டு வயசு, கண்ணு கலரு, என்ன பயம், என்ன ஆசை எல்லாம் எழுதி வச்சுக்கலாம்."

"ஒனக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட நான் கண்ணு கலரு கேக்கலையேடா."

புதுக்கோட்டை டவுனில் இருக்கும் சின்னவன் விடுவானா? அவன் சொன்ன சாப்ட்வேர், அன்றன்றைக்கு எழுதவில்லை என்றால் மணியடிக்குமாம். மணியடித்து எழுத வைப்பதற்கு இது என்ன ஹாஸ்டலா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான்.

மகன்களைத் திட்டலாம். மாப்பிள்ளையை என்ன செய்வது? கந்தர்வக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை கொண்டுவந்தது ஊசிப்போன அல்வாவாக இருந்தாலும், "எதுக்கு மாப்ளே செரமம்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வண்டியில் லேப்டாப்பைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அத்தை, இது ஏஐ. நீங்க எழுதுனதை அதுவே திருத்தி, கொறை இருந்தா நெரப்பி, பொஸ்தகமாவே ஆக்கிக் குடுத்துரும்."

"எதுக்கு மாப்ளே செரமம்" என்றேன்.

போனில் இருந்த அத்தியாயத்தை லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டார். இடம் அடைக்கும் என்று போனில் இருந்ததை அழித்தும் கொடுத்தார். அவ்வளவு அக்கறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, காகிதத்தில் அச்சடித்து எடுத்து வந்தார். நடுக்கூடத்தில் உட்கார்ந்து அவரே வாசித்தார். "அவள் கண்களில் கண்ணீர் வெள்ளமெனப் பெருக்கெடுத்தது. கணவனின் மார்பில் விழுந்து கதறினாள். அன்று வானமும் அழுதது."

வானம் அழுததாம். எங்கள் பக்கம் அது ஐப்பசியிலேயே அழுவதற்கு யோசிக்கும். பஸ் கிடைத்ததா என்று கேட்ட இடம் சுத்தமாகக் காணோம். குறை என்று நினைத்து நிரப்பிவிட்டது.

"எப்புடி அத்தை? வாசிக்கையில எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வைக்கப்போறேன்."

'நல்லாருக்கு மாப்ளே' என்பது பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. அதை வெளியே விட்டிருந்தால், ஊர் என்னிடம் எதிர்பார்த்த அழுகையை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகியிருக்கும். என் மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்ளே, இவ அழுகலை."

"கதைதானே அத்தை. அழுகலைன்னா படிக்கிறவுக இவளைக் கல்நெஞ்சக்காரின்னு நெனைப்பாகல்ல?"

"நெனைக்கட்டும். இப்ப மட்டும் என்னவாம்?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக் கேதத்தன்று பந்தலில் நாற்காலி போட்டவரே அவர்தான். கையிலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அனுப்பலை அத்தை. ஆனா நீங்க எழுதுனது மேலயே அது திருத்திருச்சு. பழசு இல்லை."

"போகட்டும். தலைக்குள்ள இருக்கு."

"வேற சாப்ட்வேர் பாக்கவா?"

"அழுகாதவளை அழுகாம விட்டுவைக்கிற சாப்ட்வேர் இருந்தாப் பாருங்க."

என் போனை வாங்கினார். சிவப்புக்கோடு போடுவது, அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். மளிகைச் சாமான் குறித்துவைக்கிற வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். முகத்தில் அவ்வளவு வருத்தம்.

"இதுல ஒண்ணுமே கெடையாது அத்தை. திருத்தாது, நெரப்பாது, யோசனை சொல்லாது."

"அதுதான் வேணும் மாப்ளே. இந்தக் குடும்பத்துல வாயை மூடிக்கிட்டு இருக்க ஒண்ணுக்காச்சும் தெரியட்டும்."

சிரிப்பதா வேண்டாமா என்று மகளைப் பார்த்தார். அவள் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை படுத்துவிட்டார். நான் தட்ட ஆரம்பித்தேன். பழைய வாக்கியங்கள் சில வந்தன, சில வரவில்லை. வராததற்குப் பதில் வேறு வந்தன, கெட்டுப்போகவில்லை. சாயங்காலம் காபி போடும் நேரத்துக்கு அத்தியாயம் மறுபடி முழுசாக எழுந்து நின்றது. என் கண்ணுக்கு எழுத்துத் தெரியும். வேகமாகப் படித்துச் சரிபார்க்க வராது. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, இங்கிட்டு வா. இதை மொதல்லேருந்து சத்தமா வாசி, ஒங்கப்பாவுக்கும் கேக்கட்டும். நடுவுல எங்கயாச்சும் அவ அழுதா அங்கனயே நிப்பாட்டு."