அண்ணனின் காருக்குப் பம்ப் மாற்றிய ஞாயிறு

வளைவில் கியர் மாற்றும்போது ஸ்டியரிங் கனக்கிறது என்று அண்ணன் முதன்முதலாகச் சொன்னபோது, நான் அவன் பக்கத்தில் தக்காளிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காரில் பெட்டிக்கு வேறு இடம் கிடையாது. இரண்டே இருக்கைகள். தரையை ஒட்டிப் போகும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்றதை அண்ணன் வாங்கி, கர்நாடக நம்பரை மாற்றி, ஓசூருக்குக் கொண்டுவந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயக்கோட்டை வரை போய் மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஒரு வாரம் நான், மறு வாரம் அண்ணி. "இதுல ஏறி எறங்குறதுக்குக் கட்டில்லேருந்து உருண்டு விழுந்து எந்திரிச்சுக்கலாம்" என்பாள் அண்ணி. ஆனாலும் தன் முறையை விட்டுத்தர மாட்டாள். அண்ணன் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். ஷிப்டை யாரோ முடிவு செய்தார்கள், ஓவர்டைமை யாரோ முடிவு செய்தார்கள். வாரத்தில் அவனாகத் தேர்ந்துகொண்டு செய்த ஒரே காரியம் அந்தச் சாலையில் கார் ஓட்டுவதுதான். அது நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பயம். அந்தப் பயத்தின் அளவு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் ஹைட்ராலிக் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கோளாறைக் கேட்டால் காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் பழக்கம். டயரில் காற்று சரியாக இருந்தது. பெல்ட் தளரவில்லை. ஆயிலில் நுரை இருந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. மிஞ்சியது பவர் ஸ்டியரிங் பம்ப். வளைவில் வேகம் குறையும்போது எஞ்சின் சுற்று குறைகிறது, அதோடு பெல்ட்டில் ஓடும் பம்பின் சுற்றும் குறைகிறது, தேய்ந்த பம்ப் அந்த நேரத்தில் போதிய அழுத்தம் தராது, எனவே ஸ்டியரிங் கனக்கும். விளக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. பம்ப் உண்மையிலேயே தேய்ந்தும் இருந்தது.

"அப்ப பம்ப் மாத்திட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டான் அண்ணன்.

"கண்டிப்பா சரியாயிடும்ணே."

இரவு சாப்பிடும்போது மறுபடி கேட்டான். "வேற எதுவும் இருக்காதுல்ல பாப்பா?"

"சக்கரத்தத் திருப்புற ஸ்டியரிங் ரேக்கையும் ஒரு தடவ பாத்துருவோம்" என்றேன். அவன் ஸ்பூனால் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் யாரும் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவதில்லை. அதை நான் பார்த்தேன். ஆனால் கார் கோளாறுக்கான என் வரிசையில் அதற்கு இடம் இல்லை.

அண்ணனின் நண்பருக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுகிற மனிதர். அண்ணனை 'குரு' என்பார். என்னை வேண்டுமென்றே 'மேடம்' என்பார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பதால் அங்கேயே காரை நிறுத்திக்கொண்டோம்.

எந்த வேலையையும் தொடுவதற்கு முன்பு ஓர் அளவு, முடித்த பிறகு ஓர் அளவு என்பது எங்கள் பிரிவில் பழகிப்போன ஒழுங்கு. ஸ்பிரிங் தராசின் கொக்கியை ஸ்டியரிங் வளையத்தில் மாட்டி இழுத்தால், திருப்ப எவ்வளவு விசை வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் மாட்டி இழுப்பதை நண்பர் வேடிக்கை பார்த்தார்.

"மேடம் ஸ்டியரிங்க எடை போட்டு விக்கப் போறாங்க குரு. கிலோ என்ன வெல மேடம்?"

"வாங்குறவருக்குத் தக்காளி ஓசி" என்றான் அண்ணன். அன்று காலை அவன் நல்ல குஷியில் இருந்தான்.

ஆயிலை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, ஹோஸ்களைப் பிரித்து, போல்ட்டுகளை எடுத்தோம். புது பம்பைப் புது வாஷர்களோடு மாட்டினோம். ஆயில் ஊற்றியதும் நண்பர் சாவியைத் திருப்பப் போனார், நான் தடுத்தேன். உள்ளே காற்று இருக்கும்போது எஞ்சினை ஓட்டினால் புது பம்பும் கெட்டுவிடும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை அண்ணனிடம் கொடுத்தேன். குமிழிகள் நிற்கும்வரை நான் ஆயில் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை நிமிர்ந்தபோது அவன் இடது உள்ளங்கையை மட்டும் வளையத்தில் வைத்துத் தேய்த்தாற்போல் திருப்பிக்கொண்டிருந்தான். ஸ்டைல் காட்டுகிறான் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. அண்ணன் தனியாக எடுத்துக்கொண்டு போய், தொழிற்பேட்டைக்குள் ஆளில்லாத சாலைகளில் சுற்றிவிட்டு வந்தான். இறங்காமலே சொன்னான்.

"சத்தம் போயிருச்சு. வளைவுல இன்னும் கனக்கத்தான் செய்யுது பாப்பா."

"டூப்ளிகேட் பம்பா மேடம்? டப்பால எழுத்துக் கூட்டிப் படிச்சீங்களா இல்லையா?" என்றார் நண்பர்.

அது எனக்குச் சுருக்கென்றது. பம்பைத் தேடித் தேர்ந்தெடுத்தது நான். தராசை எடுத்துக் கொக்கியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் இழுத்தேன். காலை அளவையும் இப்போதைய அளவையும் டெஸ்ட் பெஞ்சில் சொல்வதுபோல உரக்கச் சொன்னேன். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "ஸ்டியரிங் ஓகே" என்றேன்.

சந்தேகம் தீராமல் நண்பரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சுண்டு வெரல்ல திரும்புது குரு. ஒனக்கு எங்க கனக்குது, காட்டு."

அண்ணன் உட்கார்ந்தான். வளைவில் செய்வதைப் போலவே இடக்கையை கியரில் வைத்தான், வலக்கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினான். வளையம் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அவன் சுண்டு விரலும் அடுத்த விரலும் தாமாக விரிந்தன. கை வழுக்கி மடியில் விழுந்தது.

அண்ணன் அந்தக் கையைப் பார்க்கவில்லை, எஞ்சினை அணைத்தான்.

"கொஞ்ச நாளாவே புடிப்பு இல்ல. சட்டைக்குப் பட்டன்கூட அவதான் போட்டுவிடுறா" என்றான். "காரும் அப்படியே கனக்கவும், ரெண்டும் பம்பாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." சொன்ன பிறகு அது எவ்வளவு பொருத்தமில்லாத வாக்கியம் என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கை முழுவதும் போயிருக்கும், இப்போதாவது வந்தீர்களே என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி போனது, பிடிப்பு முழுதாகத் திரும்பவில்லை. கியர் மாற்றத் தேவையில்லாத கார் ஓட்டலாம் என்றார்கள். இந்தக் கார் அப்படியானது இல்லை.

நான் செய்தது நல்லதற்குத்தான் என்று அண்ணி பலமுறை சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவன் இரண்டு தடவை என்னிடம் கேட்டான். இரண்டு தடவையும் நான் காரைப் பற்றியே பதில் சொன்னேன். "கார்ல மட்டுந்தான் கனக்குதாண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் வீட்டிலேயே, என்னிடம் மட்டும் சொல்லியிருப்பான். அவனுக்கு இருந்த கடைசிச் சாக்கை, நண்பர் பார்த்திருக்க, தராசு வைத்து அளந்து எடுத்த தங்கையாக நான் இருந்திருக்க வேண்டியதில்லை.

காரை வாங்க வந்தவர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார். பழைய வண்டியாயிற்றே, ஸ்டியரிங் எப்படி என்றும் கேட்டார்.

"ஸ்டியரிங்ல ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். என் தங்கச்சி பம்ப் மாத்துனது. இழுத்து அளந்து பாத்துக் குடுத்துருக்கா" என்றான் அண்ணன். குரலில் உண்மையான பெருமை இருந்தது. கேலியாக இருந்திருந்தால் என்னால் நின்று கேட்டிருக்க முடியும். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் காரை எங்கள் சந்திலிருந்து பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் நடுத்தெருவில் நின்று, "ஒடிங்க சார், இன்னும் ஒடிங்க, நேராக்குங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். சைகை காட்டியது இடக்கை. மற்றது பேன்ட் பைக்குள் இருந்தது.