கோல்கீப்பரின் தொழில்

எங்கள் ஆபீஸ் டீமின் கோல்கீப்பர் அவர். ஆட்டத்துக்காகவே வேலை கொடுத்திருந்தார்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியமே கிரவுண்டுக்குப் போய்விடுவார். நெடிய மனிதர். எதை வாங்கினாலும், டீ கிளாஸைக்கூட, இரண்டு கைகளாலும்தான் வாங்குவார்.

தொண்ணூறுகளில் புதிதாக ஒரு தொழில்முறை ஃபுட்பால் லீக் தொடங்கினார்கள். வேலையை விட்டால்தான் அதில் ஆடலாம். அவருடைய ராஜினாமாக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். வாழ்த்தும் சொன்னேன். இரண்டாவது சீசன் பாதியிலேயே லீக்கை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குள் ஆபீஸுக்கு வேறு கோல்கீப்பர் வந்துவிட்டார்.

பிறகு ஒருநாள் தாம்பரத்தில், ரேஷன் கார்டுக்கு மனு கொடுக்கும் வரிசையில் அவரைப் பார்த்தேன். மனுவை நீட்டி என்னையே எழுதித் தரச் சொன்னார்.

“தொழில்னு கேட்டிருக்காங்க. என்ன எழுதட்டும்?”

“ஃபுட்பால்னு போடுங்க சார்.”

“அதான் லீக்கே இல்லையே?”

“லெட்டர்ல நீங்கதான சார் அடிச்சீங்க, ஃபுட்பால தொழிலா எடுத்துக்கினேன்னு.”

குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதையும் அவர் இரண்டு கைகளாலும்தான் வாங்கிக்கொண்டார்.