கடலைத்தோல் சுவர்

எங்கள் பழைய வீட்டின் மேற்குச் சுவரைத் தட்டினால் உள்ளே சரசரவென்று ஏதோ இறங்கும். கடலைத்தோல். அதை அங்கே அடைத்தவர் என் அண்ணி.

சுதந்திரம் வந்து பத்து வருசம்கூட ஆகியிருக்காது. சூளகிரிப் பக்கம் பண்ணைக்காரன் நிலத்தில், அவன் போட்டுக் கொடுத்த கூரைக் குடிசையில் இருந்தோம். குடிசை அவனுடையது. அதனால் நாங்களும் அவனுடையவர்கள். கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் ரோட்டு வேலை கிடைத்தது. பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட தகரத்தை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, ரோட்டோரப் புறம்போக்கில் வீடு கட்டினோம். சுவரும் தகரம், கூரையும் தகரம். பண்ணைக்காரன் வந்து பார்த்தான். “தகர டப்பாவுல குந்திக்கினு இருங்கடா. பங்குனி வரட்டும். வெந்த கெழங்காட்டம் என் குடிசைக்கே ஓடியாருவீங்க” என்றான்.

பங்குனி வந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. சுவரில் கை வைக்க முடியவில்லை. அண்ணனின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. “போயிரலாம்மே. புள்ள பொழைக்கட்டும்” என்றார் அண்ணன். அண்ணி குழந்தைக்கு ஈரத்துணி போட்டபடியே, “அங்க போனா பொழைக்கும். பொழைச்சி அவன் மாட்ட மேய்க்கும்” என்றார்.

பண்ணையின் விதைக்கடலையை எங்கள் தெருப் பெண்கள்தான் உரிப்பார்கள். உரித்த தோல் அவர்களுக்கு, அடுப்பெரிக்க. அந்தக் குவியலுக்குள் கை விட்டால் உச்சி வெயிலிலும் சில்லென்று இருக்கும். அண்ணி வீடு வீடாகப் போய்க் கேட்டார். “அடுப்புல உன் காலையா வெக்கறது?” என்று ஒருத்தி சிரித்தாள். “அடுப்புக்கு முள்ளு வெட்டியாறேன்” என்றார் அண்ணி. நானும் அவரும் கரட்டு மேட்டில் முள் வெட்டிச் சுமந்தோம். தகரத்துக்கு உள்பக்கம் ஒரு சாண் விட்டு மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, இடைவெளியில் தோலைக் கொட்டினோம். கரையான் வராமல் இருக்கச் சாம்பலும் வேப்பிலையும் கலந்தோம். கூரைக்கு அடியில் மூங்கில் பரண் போட்டு, அதன் மேலும் தோல் பரப்பி மண் மெழுகினோம்.

மேற்குச் சுவர் பாதி நிறைந்தபோது பண்ணைக்காரனுக்குச் சேதி போனது. இனித் தோலெல்லாம் பண்ணைக்கே வர வேண்டும் என்றான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். சிரித்தவளே முதலில் வந்தாள். மடியை அவிழ்த்து, பண்ணைக்குத் தெரியாமல் கொண்டுவந்த இரண்டு கை தோலைக் கொட்டிவிட்டுப் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சுவர் மடி மடியாக நிறைந்தது. குழந்தை பால் குடித்தது.

சித்திரையில் ஒரு நாள் உச்சி வெயிலில் பண்ணைக்காரன் குடையோடு வந்து நின்றான். “இன்னாம்மே, வெந்துட்டீங்களா?”

அண்ணி வாசலில் நின்று கதவை அகலத் திறந்தார். “வெயிலு வெளிய நிக்கறவங்களுக்குத்தான். உள்ளாற வந்து குந்துங்க.”

எங்கள் தெருவில் எந்த வீட்டுப் படியும் மிதிக்காதவன் அவன். குளுமை வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குள் வர வேண்டும். கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றான். போய்விட்டான்.

அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. அந்தக் குழந்தை இப்போது பேரன் எடுத்துவிட்டான். பக்கத்திலேயே கான்கிரீட் வீடு கட்டுகிறான். கட்டட்டும். பழைய வீட்டையும் இடித்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். அவரை மேற்குச் சுவரருகே கூட்டிப்போய், தட்டச் சொன்னேன்.

சரசரவென்று இறங்கியது.

“இது நிக்கும்” என்றேன்.